லிஸ்ட்டின் கடைசிப் பத்து வரிகள்

ஜூலை பிறந்தால் எங்கள் வீட்டு ஹாலில் சாயங்காலமெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கின்றன, இன்ஜினியரிங் கவுன்சிலிங் எப்படி நடக்கிறது என்பதை நானும் படித்து வைத்திருக்கிறேன். அதனால் கோவை கணபதியில் எங்கள் தெருவைச் சுற்றி பிளஸ் டூ முடித்தவர்கள் அப்பா அம்மாவோடு சாய்ஸ் ஃபில்லிங் செய்ய, அதாவது கல்லூரிகளையும் படிப்புகளையும் விருப்ப வரிசையில் ஆன்லைனில் பதிய, வந்துவிடுகிறார்கள். அவர்களோடு உட்கார எனக்கும் பிடிக்கும். ஆனால் வருடா வருடம் ஏதாவது ஒரு அப்பா தவறாமல் சொல்லிவிடுகிற ஒரு பேச்சு இருக்கிறது. “கீழ சும்மா நாலஞ்சு காலேஜைப் போட்டு உட்ருங்க சார், சேஃப்டிக்கு.” அந்த ‘சும்மா’ என் மண்டைக்குள் ரொம்ப நாளாகக் குடைகிறது.

மேல் வரிகளுக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று பார்க்க வேண்டும். பெயர் பெற்ற கல்லூரிகளில் கிண்டியா பி.எஸ்.ஜி.யா, ஜி.சி.டி.யில் எலெக்ட்ரிகலா சி.ஐ.டி.யில் கெமிக்கலா என்று இரவு பத்தரை மணி வரை பேச்சு ஓடும். சித்தப்பாவுக்கு போன் போடுவார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அண்ணன் வீடியோ காலில் வந்து ஆலோசனை சொல்வான். ஆனால் ரேங்க்கைப் பார்த்தால் அந்த வரிகளில் பாதிக்கு மேல் எட்டாது என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் கிடைக்கப்போகிற கல்லூரிகள் இருக்கும் இடத்துக்கு லிஸ்ட் இறங்கி வரும்போது அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார், அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். பிள்ளையின் நான்கு வருடத்தைத் தீர்மானிக்கப்போகிற வரிகளை ஐந்து நிமிடத்தில், ஊர் பெயரை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டுப் போகிறோம். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திரையில் சீட் தெரிந்த காலம்

2017 வரை இந்தச் சிக்கலே இந்த வடிவத்தில் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போவோம். அரங்கில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். நம் முறை வரும்போது உள்ளதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். பதற்றம் இருந்தது, பயணச் செலவு இருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்ததைத்தான் தேர்ந்தெடுத்தோம். 2018-ல் கலந்தாய்வு முழுக்க ஆன்லைனுக்கு மாறியபோது, மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியாமலே முழு வரிசையையும் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இது சொல்லப்போனால் நல்ல முறைதான், கிராமத்துப் பிள்ளைகள் சென்னை கிண்டி வரை அலைய வேண்டியதில்லை. ஆனால் ‘கடைசியில் நமக்கு என்ன மிஞ்சும், அதோடு வாழ முடியுமா’ என்ற கேள்வியை அரங்கத்திலிருந்து எடுத்து நம் வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு வீடுகள் இன்னும் தயாராகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

லிஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம். ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் லிஸ்ட்டை மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்த நேரத்தில் இடம் இருக்கும் முதல் வரியைக் கணினி ஒதுக்குகிறது. அவ்வளவுதான். மேலே எட்டாத கல்லூரிகளை எத்தனை போட்டாலும் கீழே இருக்கிற வரிகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ‘ஆசைப்பட்டு பெரிய காலேஜைப் போட்டால் கிடைக்கிற காலேஜும் போய்விடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கைக்கு எட்டும் கல்லூரியை முதல் வரியில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதல் வரியில் போட்டால் முதல் வரிதான் கிடைக்கும், அதற்கு மேல் தகுதி இருந்தாலும் கணினி தேடாது. சாய்ஸ்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு கிடையாது. ஆகவே மேலே ஆசைப்படி போடுங்கள், பயம் வேண்டாம். அங்கே யோசிக்க அதிகம் இல்லை என்பதுதான் என் வாதம். யோசனை முழுவதும் தேவைப்படுவது கீழே.

போன வருடக் கட் ஆஃப் என்கிற நம்பிக்கை

கீழ் வரிகளை எதை வைத்து ‘சேஃப்’ என்கிறோம்? போன வருடக் கட் ஆஃபை, அதாவது அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணை, வைத்து. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. போன வருடம் ஒரு கல்லூரி 165-ல் முடிந்தது, நம் பையன் 168, எனவே சேஃப் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பிளஸ் டூ வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 2024-ல் 471 பேர். 2025-ல் 3,181 பேர். ஒரே வருடத்தில் ஒரு வினாத்தாள் இப்படி மாறினால், போன வருட 165-ம் இந்த வருட 165-ம் ஒரே மதிப்பெண் அல்ல. 2021-ல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 என்று கூட்டி மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த வருடக் கட் ஆஃபை அதற்கடுத்த வருடம் நம்பியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்க்கைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வேன், அதிலும் பொது ரேங்க்கோடு சமூகப் பிரிவு ரேங்க்கையும் சேர்த்து. ஒரு கல்லூரி போன இரண்டு மூன்று வருடங்களில் எந்த ரேங்க்கில் முடிந்தது என்பதுதான் ஓரளவு நிலையான தகவல். அதுவும் ஓரளவுக்குத்தான். 2024-ல் தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நல்ல கல்லூரிகளுக்கான மாணவர் சேர்க்கை உச்சவரம்பை எடுத்துவிட்டது, பெரிய கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகின. மேலே இடம் கூடினால் கீழே வரிசை நகர்கிறது. ஆகவே சேஃப்டி வரிகள் உங்கள் ரேங்க்கைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, நன்றாகவே கீழே தள்ளி இருக்க வேண்டும். தள்ளிப் போடுவது என்றால் யாரும் விரும்பாத கல்லூரிகளைப் போடுவது என்று ஆகிவிடுகிறதே என்று கேட்பீர்கள். அந்த இடத்தில்தான் லேத்தில் இரும்பு கடையும் டர்னர் ஒருவர் எனக்கு ஒரு வழியைக் காட்டினார்.

சுருள் இல்லாத லேத்

அவர் எங்கள் பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறையில் டர்னராக இருக்கிறார். அவர் பெண் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள், அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். ஈ.சி.ஈ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வேண்டும், கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிகல் என்று தெளிவாக இருந்தாள். லிஸ்ட்டைப் போட்டு முடித்தோம். அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிரிண்ட் எடுத்த தாளை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

“ஏனுங்க சார், மேல இருக்கறது ஒண்ணும் கெடைக்கலீன்னா இதுக்கு அம்மணி போயே ஆகோணுமுங்களா?”

ஆமாம் என்றேன், சேர்வதாக இருந்தால்.

“அப்ப இதைத்தானுங்க மொதல்ல பாக்கோணும்.”

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். நெடுஞ்சாலையோரம் பெரிய வளைவு, உள்ளே புல்வெளி, வேலை கிடைத்தவர்களின் புகைப்படங்கள் ஒட்டிய பலகை. அட்மிஷன் அறையில் இருந்தவர் ஏ.சி. போட்ட செமினார் ஹாலைத் திறந்து காட்டினார். கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைக்கும், ஈ.சி.ஈ. எதற்கு என்று கேட்டார். அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஒர்க்‌ஷாப் எங்கீங்க?” என்றார். அது பின்னாடி இருக்கிறது, அதற்கும் உங்கள் பெண் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்றார் அவர். அப்பா அங்கேயே நின்றார். சாவி தேடி எடுத்து வரக் கொஞ்ச நேரம் ஆனது.

தகரக் கொட்டகைக்குள் வரிசையாக லேத்துகள். பெயின்ட் அடித்துப் பளிச்சென்றுதான் இருந்தன, என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்பா முதல் லேத்தின் அடியில் குனிந்து, கடையும்போது இரும்புச் சுருள் விழும் ட்ரேயைப் பார்த்தார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பெட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்து, விரலை முகர்ந்தார். எண்ணெய் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. டெயில்ஸ்டாக்கின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார், அசையவில்லை. ஒரு மெஷினின் பின்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே பெல்ட்டே இல்லை. பெண் கொஞ்சம் கூச்சத்தோடு வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாப்பில்தான் வாய் திறந்தார். “ட்ரேயில ஒரு சுருள் இல்லீங்க சார். ஓடற மெசினு இப்படி இருக்காதுங்க.”

“அப்பா, நான் ஈ.சி.ஈ.தானே படிக்கப் போறேன்? லேத்தா ஓட்டப் போறேன்?” என்றாள் பெண்.

“மொத வருசம் எல்லாத்துக்கும் ஒர்க்‌ஷாப் உண்டுன்னு சார் சொன்னாருல்ல கண்ணு. புள்ளைங்களுக்கு இதை ஓட்டிக் காட்டாமயே மார்க் போட்டு அனுப்பியிருக்காங்க. உன்ற லேப்லயும் இவங்க ஆளுங்கதான இருப்பாங்க?”

அந்தக் கல்லூரியைப் பற்றி என்னிடம் இருந்த தகவல் எல்லாம் எண்கள். கட் ஆஃப், இடங்கள், கட்டணம். அவருக்குத் தெரிந்தது இரும்பு. தனக்குத் தெரிந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு, தான் படித்திராத ஒரு உலகத்தை அவரால் சோதிக்க முடிந்தது. சீட்டு எடுத்தவுடன் சாய்ந்து தூங்கிப் போனார். நான் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் லிஸ்ட்டில் இன்னும் கீழே இருந்த வேறொரு கல்லூரிக்குப் போனார்கள். பழைய கட்டடம், காரை பெயர்ந்த சுவர், வேலை கிடைத்தவர்களின் பலகையில் பத்துப் பதினைந்து பேர்தான். போய்விட்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து அப்பா சொன்ன விவரம் இது: ட்ரேயில் சுருள் இருந்தது, தரையில் கூலன்ட் சிந்திய வெள்ளைத் தடம், சக்கில் யாரோ பாதி கடைந்து விட்டுப்போன ராடு. கையில் பனியன் வேஸ்ட்டோடு வந்த இன்ஸ்ட்ரக்டர் இவர் டர்னர் என்று தெரிந்ததும் டூல் பிட் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாராம். பெண் தன் பங்குக்கு எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த சீனியர் அக்காக்களிடம் பேசியிருக்கிறாள். அன்று இரவே வளைவு வைத்த கல்லூரி லிஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பழைய கல்லூரி ஈ.சி.ஈ., எலெக்ட்ரிகல் இரண்டும் சேர்ந்து மேலே ஏறின.

எல்லோருக்கும் லேத் தெரியாது

தெரிய வேண்டியதில்லை. கீழ் வரிகளில் இருக்கும் கல்லூரிகளுக்கு நேரில் போனால் எந்தக் குடும்பத்துக்கும் ஏதாவது ஒன்று புரியும். சமையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஹாஸ்டல் அடுப்படியைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரியை அடித்துவிட்டார். மகள் நான்கு வருடம் சாப்பிடப்போகிற இடம் அது, அவர் செய்தது சரி. கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் நிற்கிற மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பேன்: முதல் செமஸ்டரில் கணக்கு நடத்த ஆரம்பித்த ஆசிரியரே செமஸ்டர் முடிகிற வரை நடத்தினாரா? ஆசிரியர்கள் நிலைத்து நிற்காத கல்லூரியில் பாடமும் மனதில் நிற்காது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட புகார் நினைவிருக்கும், ஒரே ஆசிரியர் பல இன்ஜினியரிங் கல்லூரிகளின் பட்டியலில் முழுநேரப் பணியாளராக இருந்த விஷயம். இணையதளத்தில் போட்டிருக்கும் ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்பி ஒரு வரியைப் போட முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியல். பத்து சதவீதத்துக்கும் கீழே தேர்ச்சி வைத்திருந்த கல்லூரிகள் அதில் இருந்திருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது, அங்கே நேரில் போவதுதான் வழி. புதுப்பெயர் வைத்த படிப்புகளில் எனக்குச் சந்தேகம் அதிகம். முதல் பேட்ச் இன்னும் வெளியே வராத படிப்பை, யார் நடத்துவார்கள் என்றே தெரியாத கல்லூரியில் சேஃப்டி என்று போடுவதைவிட, காரைக்குடி, பர்கூர், திருநெல்வேலி போன்ற ஊர்களின் அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளில் சிவிலோ மெக்கானிக்கலோ கிடைத்தால் அதை மேலே போடச் சொல்வேன். காரைக்குடி அழகப்பா கல்லூரி 1952-லிருந்து நடக்கிறது. ‘கம்ப்யூட்டர் இல்லையா’ என்று முகம் சுளிக்கிற வீடுகளில் இதற்காக நான் வாக்குவாதம் செய்திருக்கிறேன், இனியும் செய்வேன்.

பணத்தை மறந்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது. ஏப்ரல், மே மாதங்களிலேயே தனியார் பல்கலைக்கழகங்களில் முன்பணம் கட்டி இடம் பிடித்து வைப்பதைத்தான் பல வீடுகளில் ‘சேஃப்டி’ என்கிறார்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் அது போய்விடும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு, சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு 55,000 ரூபாய் என்று வைத்தது. மேனேஜ்மென்ட் இடத்துக்கு முறையே 85,000, 87,000. பஸ்ஸும் ஹாஸ்டலும் இதற்கு வெளியே. இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் போகிற இடம் எப்படிப் பாதுகாப்பாகும்? முன்பணம் கட்டியவர்கள் விலகும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் இடங்களும் உண்டு. சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தை விதிப்படி திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

இதைவிடச் செலவில்லாத ஒரு பாதுகாப்பை நம் வீடுகள் கண்டுகொள்வதே இல்லை. அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்தான் ஆகிறது, அங்கே சேர்க்கை இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு முன்பே நடந்துவிடும். இயற்பியலோ கணிதமோ விருப்பத்தோடு படிக்கிற பிள்ளைக்கு, ஆசிரியர் இல்லாத இன்ஜினியரிங் கல்லூரியைவிட அது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் சொல்வேன்: அங்கே சேர்ந்துவிட்டு இன்ஜினியரிங் கிடைத்து விலகுவதாக இருந்தால், அன்றே போய்ச் சொல்லி டி.சி. வாங்கிவிடுங்கள். காலியாகிற அந்த இடத்துக்காகக் காத்திருப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

டர்னரின் பெண்ணுக்கு அப்படி ஒரு பி.எஸ்சி. இயற்பியல் இடம் கையில் இருந்தது. இரண்டாவது ரவுண்டில் பழைய கட்டடக் கல்லூரியில் எலெக்ட்ரிகல் ஒதுக்கீடு வந்தது. அதை வைத்துக்கொண்டே மேல் வரிகளுக்கும் காத்திருக்கும் ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’ கொடுத்தாள், மேலே ஒன்றும் நகரவில்லை. கலைக் கல்லூரியில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். பதற்றமோ அழுகையோ அந்த வீட்டில் இல்லை. அந்த வரியை அவர்கள் நேரில் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு. சொந்தக்காரர் ஒருவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். இவளை விடக் குறைந்த மார்க் எடுத்த பையனுக்கெல்லாம் ரோட்டோரக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறதே, உங்கள் பெண்ணுக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

“கெடைச்சிருக்குமுங்க,” என்றார் அவர். “நாங்கதான் போடலீங்க.”